ஸ்டீயரிங் ரேக் பூட் மாற்றுகிறீர்களா? சுற்றுகளை எண்ணுங்கள்

ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது முன் சக்கரங்களைத் திருப்பும் பல் தண்டுதான் ஸ்டீயரிங் ரேக். அதன் முனையில் மடிப்பு மடிப்பாக இருக்கும் ரப்பர் உறைதான் பூட். அது கிழிந்தால் மண்ணும் தண்ணீரும் உள்ளே போய் ரேக்கையே அரித்துவிடும். சிறிய கார் என்றால் வீட்டிலேயே மாற்றிவிடலாம்.

காரை ஜாக்கியால் மட்டும் தூக்கி நிறுத்திவிட்டு அடியில் கை விடாதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம். சக்கரத்தைக் கழற்றியதும் டை ராடு (ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) முனையின் லாக் நட்டைக் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள். அந்த முனையில் உள்ள பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு) வர மறுத்தால் அதன் திருகில் அடிக்காமல், அது பொருந்தியிருக்கும் இரும்புக் கையின் பக்கவாட்டில் சுத்தியலால் தட்டுங்கள். பிறகு டை ராடு முனையைக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணி, உடனே எழுதி வையுங்கள். மனதில் இருக்கும் என்று நம்பி நான் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.

பழைய பூட்டை உருவியதும் உள்ளே பாருங்கள். பவர் ஸ்டீயரிங் எண்ணெய் தேங்கியிருந்தால் ரேக்கின் சீல் போய்விட்டது. புது பூட் மட்டும் போட்டுப் பயனில்லை. துரு இல்லையென்றால் துடைத்து, புது கிரீஸ் தடவுங்கள்.

பூட்டின் சிறிய வாய் உட்காரும் பள்ளத்திலும் கொஞ்சம் கிரீஸ் வேண்டும். இல்லாவிட்டால் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) செய்யும்போது டை ராடோடு சேர்ந்து ரப்பரும் முறுக்கிக்கொள்ளும். பெரிய வாய்க்குப் பழைய கிளிப் வேண்டாம்.

எண்ணிய சுற்றுகளில் முனையைத் திருப்பிப் பூட்டி, ஸ்பிளிட் பின் (நட் கழலாமல் தடுக்கும் ஊசி) இருந்தால் புதியது போடுங்கள். எவ்வளவு கவனமாக எண்ணியிருந்தாலும் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள்.