ஜூன் 13-இல் கொழும்பில் நிற்பவர்களுக்கு: கொச்சிக்கடை அந்தோனியார் திருநாள்

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வெளிநாடு போகவென்று ஊரிலிருந்து வந்து, வெள்ளவத்தை லொட்ஜிலும் கொட்டாஞ்சேனை வாடகை அறையிலும் ஏஜென்சிக்காரனின் ஒரு சொல்லுக்காகக் காத்துக்கிடந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! சைவமோ வேதமோ (கிறிஸ்தவமோ), கொச்சிக்கடை அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரியாவது கொளுத்தாமல் பிளேன் ஏறியவர்கள் குறைவு. அந்த நேர்த்தி இன்னும் மிச்சம் கிடந்தால், டிக்கெட் போடும்போதே ஜூன் 13-ஐ மனதில் வைத்துப் போடுங்கள்.

1231-ஆம் ஆண்டு இதே நாளில்தான் இத்தாலியின் பதுவா நகருக்கு அருகே அந்தோனியார் காலமானார். பிறந்தது 1195-இல், போர்த்துக்கல்லின் லிஸ்பனில். வீட்டார் இட்ட பெயர் பெர்னாண்டோ. இறந்து ஒரு வருடம்கூட முடியாமல், 1232 மே 30-இல் புனிதர் பட்டம். லிஸ்பனில் இன்றும் ஜூன் 13 நகரத்துக்கே விடுமுறை. 1888-இல் இதே நாளில் அங்கே பிறந்த கவிஞர் பெசோவாவுக்குப் பெர்னாண்டோ அந்தோனியோ என்று பெயர் விழுந்ததும் புனிதர் நினைவாகத்தான். நம்மூரில், யாழ்ப்பாணத்துப் பாசையூர் அந்தோனியாருக்கும் அன்றுதான் திருவிழா. கச்சதீவுத் திருவிழாவை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது பெப்ரவரி, மார்ச் பக்கம், தவக்காலத்தில் வருவது.

டச்சுக்காரர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்ற குரு ஒளித்துத் திரிந்தார், கரையைக் கடல் அரித்துக்கொண்டு வந்தபோது மீனவர்கள் கேட்க, மணலில் சிலுவையை நட்டு மன்றாடினார், கடல் பின்வாங்கியது. கோயில் பிறந்த கதையாகச் சொல்லப்படுவது இதுதான். இப்போதுள்ள அந்தோனியார் சுரூபம் (சிலை) 1822-இல் கோவாவிலிருந்து வந்தது. புனிதரின் நாக்கின் சிறு துண்டு ஒன்றும் இங்கே திருப்பண்டமாக, வணக்கத்துக்குரிய புனிதப் பொருளாக, இருக்கிறது.

வழி சொல்லும்போது ஒரு கவனம். நீர்கொழும்புக்கு வடக்கே இன்னொரு கொச்சிக்கடை உண்டு. கட்டுநாயக்காவில் இறங்கி வெறுமனே ‘கொச்சிக்கடை’ என்றால் சாரதி எதிர்ப்பக்கம் திருப்பிவிடுவார். ‘கொட்டாஞ்சேனை, கொழும்பு 13’ என்று சொல்லுங்கள். வாகனம் பிடிக்கும் பிக்மீ செயலியில் போடும்போதும் கோயில் பெயரையே போடுங்கள். வெள்ளவத்தையிலிருந்து என்றால் 100, 101 பஸ்ஸில் புறக்கோட்டை வரை, அல்லது கரையோர ரயிலில் கோட்டை வரை போய், அங்கிருந்து ஓட்டோ. திருநாளன்று கோயிலடிக்கு வாகனம் போகாது. செட்டியார் தெருவோடு இறங்கி நடப்பதே மேல்.

ஜூன் முதல் வாரத்தில் கொடியேறி, நவநாள் (ஒன்பது நாள் செபம்) தொடங்கும். 12-ஆம் திகதி மாலை வேஸ்பர் (மாலைச் செப வழிபாடு), 13 காலையில் திருவிழாப் பூசை, பின்னேரம் சுரூப பவனி. தமிழ்ப் பூசை எத்தனை மணிக்கு என்று முதல்நாளே அறிவித்தல் பலகையில் பார்த்துவிடுங்கள். என்னைக் கேட்டால், வயதான அம்மாவையும் சின்னப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு 13 காலையில் போகாதீர்கள், மூச்சு முட்டும். அவர்களைத் திருநாளுக்கு முந்திய ஒரு காலையில் கூட்டிப் போய்விட்டு, பவனிக்கு நீங்கள் தனியே வாருங்கள். லீவு ஜூலையில்தான் என்றாலும் கவலையில்லை: புனிதரை அடக்கம் செய்தது ஒரு செவ்வாய் என்பதால் செவ்வாய்க்கிழமைகளிலெல்லாம் இங்கே ஒரு குட்டித் திருவிழாவே நடக்கும்.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்த கோயில் இது. திருத்தி முடித்து, அந்த வருடத் திருநாளுக்கு முதல்நாள், ஜூன் 12-இல் மறுபடி திறந்தார்கள். அன்றிலிருந்து பைச் சோதனை கடுமை; பெரிய பையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். தோள்மூடிய சட்டை, முழங்காலுக்குக் கீழ் உடுப்பு. கழுத்துச் சங்கிலியை அறையில் வைத்துவிட்டு வாருங்கள்; நெரிசலில் கைவைக்கிறவர்களும் புனிதரை நம்பித்தான் வருகிறார்கள்! ஐயாயிரம் ரூபாத் தாளை நீட்டினால் மெழுகுதிரிக்காரம்மா முறைப்பார், சில்லறை கொண்டு போங்கள். தென்மேல் பருவமழைக் காலம் என்பதால் குடையும் வேண்டும்.

உள்ளே வரிசை மெதுவாகத்தான் நகரும். பொட்டு வைத்த ஆச்சி, சேலையில் வந்த சிங்களப் பெண், பாஸ்போர்ட்டைப் பொலித்தீனில் சுற்றிப் பிடித்தபடி ஒரு இளந்தாரி. சுரூபத்தடிக்கு வந்ததும் ஆச்சி கையால் தொட்டுப் பேரப்பிள்ளையின் நெற்றியில் ஒற்றுவார்; இளந்தாரி பாஸ்போர்ட்டையே ஒற்றி எடுப்பான். படம் எடுக்காமல் நகருங்கள், பின்னால் ஆயிரம் பேர்.

வந்த காலோடு பக்கத்தில் பொன்னம்பலவாணேசர் கோயிலுக்கும் போய்வாருங்கள். பொன்னம்பல முதலியார் கட்டியதை, மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முழுக்கக் கருங்கல்லில் எடுப்பித்தார். வெளியே எவ்வளவு வெக்கை என்றாலும் மண்டபத்துக்குள் குளிர்மை. கொழும்பில் நான் திரும்பத் திரும்பப் போகும் கோயில் அது. ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போங்கள்.

ஜூனில் பொசன் போயாவும் வரும். அன்று சாராயக்கடை பூட்டு, இறைச்சிக்கடையும் பூட்டு. கலண்டரில் ஒருக்கால் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பும் வழியில் செட்டியார் தெருவில் நகை வாங்குகிறவர்கள், விலை சொல்வது பவுனுக்கு, அதாவது 8 கிராமுக்கு என்பதை நினைவில் வைத்து, நிறையும் கரட்டும் செய்கூலியும் தனித்தனியே எழுதிய பற்றுச்சீட்டாகக் கேட்டு வாங்குங்கள்.