சப்போரோ பீர் அருங்காட்சியகம் போகிறீர்களா?

ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் சப்போரோ நகரத்துக்குப் போனால், அங்குள்ள பீர் அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், வழக்கமாக அன்றுதான் விடுமுறை. அந்தச் செங்கல் கட்டடம் 1890-இல் சர்க்கரை ஆலையாகக் கட்டப்பட்டது. பிறகு பீருக்கான மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) தயாரிக்கும் ஆலையாக மாறி, 1987 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது.

நீங்களாகவே சுற்றிப் பார்க்கக் கட்டணம் இல்லை. ஜெர்மனியில் தொழில் கற்றுத் திரும்பிய நகாகவா செய்பேயை வைத்து, 1876-இல் அரசே இந்த நகரத்தில் பீர் ஆலை தொடங்கிய கதையை நிதானமாகப் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். வழிகாட்டியுடன் போகும் கட்டணச் சுற்றுலாவும் உண்டு. ஆனால் விளக்கமெல்லாம் ஜப்பானிய மொழியில்தான்.

கீழ்த்தளத்தில் காசு கொடுத்து மூன்று வகை பீரைச் சுவைத்துப் பார்க்கலாம். இருபது வயது நிரம்பியிருக்க வேண்டும். சப்போரோ ஸ்டேஷனிலிருந்தே பேருந்து இருக்கிறது, அதில் போங்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதற்கு ஜப்பானில் தண்டனை கடுமையானது.

அப்புறம் சாப்பாடு. பக்கத்து பீர் கார்டனில், குவிந்த இரும்புத் தட்டில் ஆட்டிறைச்சியையும் காய்கறியையும் நாமே சுட்டுச் சாப்பிடும் ஜிங்கிஸ்கான் பிரபலம். மாலை நேரத்துக்கு முன்பதிவு செய்துவிடுங்கள். புகை வாடை துணியில் ஒட்டும், நல்ல சட்டை வேண்டாம். சைவர்கள் கவனிக்கவும்: காய்கறியும் அதே தட்டில், ஆட்டுக்கொழுப்பில்தான் வேகும்.