ருக்வுட் ஜாடியின் அடியில் இருக்கும் எக்ஸ்

அமெரிக்காவின் சின்சினாட்டிக்குக் குடிவந்த பிறகு, சனிக்கிழமை காலையில் எஸ்டேட் சேல், அதாவது ஒரு வீட்டின் பழைய பொருட்களை மொத்தமாக விற்கும் விற்பனைக்குப் போவது எனக்கு வழக்கமாகிவிட்டது. பழைய அமெரிக்க மட்பாண்டங்களை வாங்கி விற்க நினைப்பவர்கள் ருக்வுட்டில் தொடங்குவதே நல்லது என்பேன். 1880-ல் மரியா லாங்வொர்த் நிக்கல்ஸ் இதே ஊரில் தொடங்கிய பட்டறை அது. செய்த வருடத்தை ஜாடியின் அடியிலேயே பதித்துவிடுவார்கள்.

முதலில் அடியைக் கழுவுங்கள். சோப்புத் தண்ணீர் போதும். பிளீச் வேண்டவே வேண்டாம். மெருகில், அதாவது மேலே உள்ள கண்ணாடிபோன்ற பூச்சில், உள்ள நுண்விரிசல் வழியாக இறங்கி, நாளடைவில் மெருகையே பெயர்த்துவிடும்.

அடுத்து முத்திரை. திருப்பிப் போட்ட ஆர், அதன் முதுகோடு ஒட்டிய பி. இது 1886-ல் வந்தது. 1887-ல் அதன்மேல் ஒரு தீச்சுடர் சேர்ந்தது. பிறகு வருடத்துக்கு ஒரு சுடராக 1900-ல் 14 ஆனது. 1901 முதல் சுடரை அப்படியே விட்டுவிட்டு, கீழே ரோமன் எண் போட்டார்கள். 14 சுடரும் கீழே எக்ஸ் எக்ஸ் (ரோமன் எண்ணில் 20) என்றும் இருந்தால் 1920.

பள்ளங்களில் மெருகு நிறைந்து சுடர் தெரியாமல் போவதுண்டு. பூதக்கண்ணாடியைவிட எனக்குப் பென்சில்தான் கைகொடுக்கிறது. மெல்லிய தாளை வைத்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள். சின்ன வயதில் நாணயத்தை வைத்துத் தேய்ப்போமே, அதேதான்.

சரி, இப்போது நான் இடறிய இடம். ஒரு நீல ஜாடியில் மூன்று எக்ஸ் இருந்தன. 1930 என்று எழுதி விற்றேன். வாங்கியவர் திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டு எக்ஸ் மட்டுமே வருடம். சற்றுத் தள்ளி இருந்த மூன்றாவது, பட்டறையே இரண்டாம் தரம் என்று ஒதுக்கியதன் அடையாளம். வருட எண் ஈரக் களிமண்ணில் பதிந்தது. அதனால் ஓரங்கள் மழுங்கி, மெருகு உள்ளேயும் படர்ந்திருக்கும். இரண்டாம் தர எக்ஸ், சூளையிலிருந்து வந்த பிறகு சாணைச் சக்கரத்தால் அறுத்தது. மெருகை வெட்டிக்கொண்டு போயிருக்கும். கோட்டுக்குள் வெறும் மண் தெரியும். நகத்தால் வருடினால் சொரசொரக்கும். கண்ணால் தீர்மானிக்காதீர்கள், விரலால் தீர்மானியுங்கள்.

இந்த இரண்டாம் தர எக்ஸ் இருந்தால் விலை குறையும். ஆனாலும் மெருகு நன்றாக இருந்தால் நான் இன்னமும் வாங்குகிறேன். சிலவற்றில் என்ன குறை என்று தேடினாலும் கிடைக்காது.

விலைக்கு வருவோம். ஓவியரின் கையெழுத்து உள்ள ஜாடி வேறு கணக்கு. அச்சில் வார்த்த ஜாடி வேறு கணக்கு. ருக்வுட்டின் ஓவியர் கட்டாரோ ஷிராயமதானி ஜப்பானிய எழுத்தில் கையெழுத்திட்டிருப்பார். அப்படி எதையாவது பார்த்தால் அவசரப்பட்டு விற்காதீர்கள். இபேயில் கேட்கும் விலையைப் பார்க்காமல், விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டி, அடியில் அதே வடிவ எண்ணும், அளவைக் குறிக்கும் அதே எழுத்தும் உள்ளதோடு ஒப்பிடுங்கள். அளவு எழுத்தில் ஏ தான் பெரியது.

விரல் முட்டியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். மணிபோல ஒலிக்காமல் சத்தம் அமுங்கினால் எங்கேயோ விரிசல். வலைபோலப் பரவிய மெருகுக் கோடுகள் பெரிய குறை அல்ல. உள்ளேயும் வெளியேயும் ஒரே இடத்தில் ஓடும் தனிக்கோடுதான் குறை. ஒட்டு வேலை இருக்கிறதா என்று இருட்டில் புற ஊதா டார்ச்சடித்துப் பார்க்கலாம். பூச்சு பூசிய இடம் வேறு நிறத்தில் ஒளிரும்.

விற்கும்போது அடியின் படம் கட்டாயம். எக்ஸ் இருந்தால் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். அனுப்பும்போது பெட்டிக்குள் பெட்டி.

பின்சேர்க்கை: ரோஸ்வில் என்ற இன்னொரு அமெரிக்க மட்பாண்டக் கம்பெனியின் ஜாடி வாங்கி ஏமாந்ததாக இருவர் எழுதியிருந்தார்கள். அந்தக் கம்பெனி 1954-ல் மூடிவிட்டது. 1990-களிலிருந்து சீனாவில் செய்த நகல்கள் சந்தையில் உண்டு. புடைத்த எழுத்தில் ரோஸ்வில் என்று மட்டும் இருந்து, யு.எஸ்.ஏ. இல்லாவிட்டால் நான் தொடமாட்டேன். யு.எஸ்.ஏ. இருந்தாலும்கூடப் பூவிதழ்களின் விளிம்பைப் பாருங்கள்; நகலில் மழுங்கியிருக்கும்.