மாநிலங்களவைத் தேர்தல் கணக்கை நீங்களே போட்டுப் பார்ப்பது எப்படி?

மாநிலங்களவைத் தேர்தல் வரும்போதெல்லாம் "ஓர் இடத்துக்கு 34 எம்.எல்.ஏ.க்கள் வேண்டும்" என்று செய்தியில் சொல்கிறார்கள். அந்த 34 எப்படி வந்தது என்பதை விளக்குவோர் குறைவு. நம் மாநிலத்தின் சார்பில் ஆறு ஆண்டுகள் டெல்லியில் அமரப்போகிறவர்களை நாம் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. நாம் அனுப்பிய எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். அதனாலேயே இந்தக் கணக்கு நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கூட்டலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

படி 1: போட்டி உண்டா என்று பாருங்கள்

தமிழ்நாட்டுக்கு 18 இடங்கள். ஆறு ஆண்டுகளில் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 6 இடங்களாக, அவை காலியாகும். ஆறு இடத்துக்கு ஆறு பேர் மட்டுமே களத்தில் இருந்தால் வாக்குப்பதிவே கிடையாது. 2025 ஜூனில் அப்படித்தான் ஆறு பேரும் போட்டியின்றித் தேர்வானார்கள். ஏழாவதாக ஒருவர் மனுவைத் திரும்பப் பெறாமல் நின்றால்தான் மேற்கொண்டு படிக்க வேண்டியிருக்கும்.

படி 2: வாக்குச்சீட்டைப் புரிந்துகொள்ளுங்கள்

புதிதாகப் படிப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஆறு இடங்கள் இருந்தாலும் ஓர் எம்.எல்.ஏ.வுக்கு ஒரே வாக்குதான். தமக்குப் பிடித்த வேட்பாளருக்கு நேரே 1 என்று எழுத வேண்டும். அடுத்த விருப்பங்களை 2, 3 என்று எழுதலாம், எழுதாமலும் விடலாம். எண்ணாகத்தான் எழுத வேண்டும், 'ஒன்று' என்று எழுத்தில் எழுதினால் செல்லாது. இந்திய மொழிகளின் எண் வடிவங்களுக்கும் இடமுண்டு என்பதால் ௧, ௨ என்று தமிழ் எண்ணிலும் குறிக்கலாம். எனக்கு மிகவும் பிடித்த விதி இது.

தேர்தல் ஆணையம் தரும் ஊதா நிற ஸ்கெட்ச் பேனாவைத்தான் பயன்படுத்த வேண்டும். கட்சி எம்.எல்.ஏ. தமது வாக்கைத் தம் கட்சியின் முகவரிடம் காட்டியாக வேண்டும். வேறு யாரிடம் காட்டினாலும் அந்த வாக்கு செல்லாது. 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபின் இந்தத் தேர்தலில் நோட்டாவும் இல்லை.

படி 3: வெற்றிக்கான அளவைக் கணக்கிடுங்கள்

ஒன்றுக்கு மேற்பட்ட இடங்கள் என்றால் செல்லத்தக்க ஒவ்வொரு வாக்கின் மதிப்பும் 100. 234 பேரும் செல்லும்படி வாக்களித்தால் மொத்தம் 23,400. இதை இடங்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி, அதாவது 7 ஆல் வகுங்கள்: 3,342. மீதியை விட்டுவிட்டு ஒன்றைக் கூட்டினால் 3,343. 33 வாக்கு என்றால் 3,300தான்; போதாது. 34 வாக்கு 3,400. செய்தியில் கேட்ட 34 இதுதான்.

ஆனால் 34 என்பதோடு நின்றுவிடாதீர்கள். 3,400 பெற்றவரிடம் 57 மிச்சம் இருக்கிறது. அந்த மிச்சம் வீணாவதில்லை.

படி 4: மிச்சத்தை மாற்றுங்கள்

இதற்கு ஓர் உண்மைத் தேர்தலையே எடுத்துக்கொள்வோம். 2017 ஆகஸ்ட் 8, குஜராத், 3 இடங்கள், 4 வேட்பாளர்கள். 176 பேர் வாக்களித்தார்கள். காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்கள் இருவர் சீட்டை மற்றவர்களிடமும் காட்டியதால் அந்த இரண்டும் செல்லாதவை ஆயின. மிஞ்சியவை 174. 17,400ஐ 4 ஆல் வகுத்து ஒன்றைக் கூட்டினால் 4,351. பா.ஜ.க.வின் அமித் ஷா 46, ஸ்மிருதி இரானி 46, காங்கிரஸின் அகமது படேல் 44, பா.ஜ.க.வின் பல்வந்த்சிங் ராஜ்புத் 38. படேலிடம் 4,400, முதல் சுற்றிலேயே வெற்றி.

அந்த இரண்டு வாக்குகளும் செல்லுபடியாகியிருந்தால்? தேவை 4,401 ஆகியிருக்கும். படேலுக்கு ஒரே ஒரு புள்ளி குறைவு! அவர் தோற்றிருப்பார் என்றுதான் முதலில் நானும் நினைத்தேன். பிறகு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன்.

இரண்டு வாக்குகளும் ராஜ்புத்துக்கே என்று வைத்துக்கொள்வோம்: அவருக்கு 4,000. ஷாவின் மிச்சம் 4,600 − 4,401 = 199. இதை அவருடைய 46 சீட்டுகளால் வகுத்தால், பின்னத்தை விட்டு, சீட்டுக்கு 4. அந்த 46 பேரின் அடுத்த விருப்பமும் ராஜ்புத்துக்கே போகிறது என்றால் 46 × 4 = 184. இரானியின் மிச்சத்திலிருந்தும் அதே 184. கூட்டினால் ராஜ்புத்துக்கு 4,368. படேலுக்கு 4,400.

படி 5: கடைசியில் இருப்பவரை நீக்குங்கள்

மிச்சங்கள் தீர்ந்த பிறகும் இடம் நிரம்பவில்லை என்றால் குறைந்த மதிப்புள்ளவர் நீக்கப்படுவார். இங்கே அது ராஜ்புத். ஓர் இடம், ஒரே ஆள் என்றாகிவிடுவதால், 4,401ஐத் தொடாமலேயே படேல் வென்றிருப்பார்.