படைப்பையே ஆய்வாகச் சமர்ப்பிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லாசால் கலைக் கல்லூரியும் நன்யாங் நுண்கலைக் கழகமும் கைகோத்து, 2024இல் சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகம் செயல்படத் தொடங்கியது. இங்கே நாடகமும் நடனமும் செய்யும் தமிழ் இளையர்கள் பட்ட ஆய்வைப் பற்றி யோசிக்க இது நல்ல காலம். மேடையேற்றியதையே ஆய்வாகக் கொடுக்கலாமா? கொடுக்கலாம். ஆனால் படைப்பு சிறப்பாக இருந்தால் போதும் என்று நம்பிவிடாதீர்கள்.

பலர் சறுக்குவது தொடக்கத்திலேயே. “துறைமுகத்தில் உழைத்த தமிழர்களைப் பரதத்தில் ஆடப்போகிறேன்” என்பது கருப்பொருள். ஆய்வுக் கேள்வி அன்று. மூட்டை சுமப்பவரின் முதுகு வளைகிறது. முழங்கால்களைப் பக்கவாட்டில் மடக்கி நிற்கும் அரைமண்டியிலோ முதுகு நிமிர்ந்தே இருக்க வேண்டும். பரதத்தின் அடிப்படை ஆட்ட அலகான அடவின் இலக்கணத்துக்குள் நின்று அந்தப் பாரத்தைக் காட்ட முடியுமா, எந்த இடத்தில் மீறியே ஆக வேண்டும்? இது கேள்வி. ஆடிப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

லண்டன் ராயல் கலைக் கல்லூரியின் கிறிஸ்டோபர் ஃப்ரேலிங் 1993இல், கலையைப் பற்றிய ஆய்வு, கலைக்கான ஆய்வு, கலையின் வழியான ஆய்வு என மூன்றாகப் பிரித்தார். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளைக் கேட்டு நடனம் அமைத்தால், அந்தத் தேடல் கலைக்கான தயாரிப்பு. அதை மட்டும் காட்டி, படைப்பதன் வழியே விடை காணும் மூன்றாம் வகை என்று வாதிட முடியாது.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு, அரங்கேறிய அன்றைய காணொளியை மட்டும் வைத்திருப்பது. தேர்வாளர் தேடுவது நீங்கள் தூக்கியெறிந்ததையும்தான். ஒத்திகைக் குறிப்பேட்டில், “மார்ச் 4: தட்டடவில் (பாதம் தட்டும் அடவு) தோளைச் சரித்தேன். பாரம் தெரியவில்லை, களைப்புத்தான் தெரிந்தது. கைவிட்டேன்” என்ற மூன்று வரி, பத்துப் பக்க விளக்கத்தைவிட மேல். படைப்பைப் பற்றிய விளக்கவுரையை ஆறு மாதம் கழித்து எழுத உட்கார்ந்தால், தோற்றுப்போன வழிகள் மறந்து, எல்லாம் முன்பே திட்டமிட்டதுபோல் ஆகிவிடும். அத்தகைய விளக்கவுரை நிகழ்ச்சிக் கையேடு போலத்தான் இருக்கும்.

முதியவர்களிடம் பேட்டி எடுப்பதானால் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே அனுமதி பெறுங்கள். தெரிந்த தாத்தாதானே என்று பதிவு செய்துவிட்டுப் பிறகு விண்ணப்பித்தால், அந்தப் பதிவையே பயன்படுத்த முடியாமல் போகலாம்.

இன்னொன்று: நட்டுவாங்கம் செய்பவர், அதாவது தாளம் தட்டி ஆட்டத்தை நடத்துபவர், ஜதியை (தாளச் சொற்கட்டை) மாற்றச் சொல்லி, அதனால் விடை கிடைத்திருந்தால், அது அவருடைய கண்டுபிடிப்பும்தான். அவர் பெயரை அன்றைக்கே குறிப்பேட்டில் எழுதுங்கள். ஆய்வேட்டிலும் நன்றியுரையோடு நிறுத்தாமல், அந்த இடத்திலேயே சொல்லுங்கள்.