கட்டணத்துக்கு முன் பதிவேட்டைப் பாருங்கள்

விமானி ஆவதற்கான மேல்நிலைப் பறப்புப் பயிற்சிக்குக் காசு கட்டுமுன், அந்தப் பள்ளியின் இரட்டை எஞ்சின் விமானம் கடந்த 3 மாதத்தில் எத்தனை மணி நேரம் பறந்தது என்று ஒவ்வொரு பறப்பையும் திகதியோடு எழுதும் தொழில்நுட்பப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். அதை அந்த விமானத்துக்குக் காத்திருக்கும் மாணவர் தொகையாலும், பிறகு 3 மாதத்தாலும் வகுத்துப் பாருங்கள். 60 மணி நேரம், 12 மாணவர் என்றால் ஆளுக்கு மாதம் 1 மணி 40 நிமிடம்தான். திகதி நிரலில் விரலை வைத்துக் கீழே வாருங்கள். 8ஆம் திகதிக்கு அடுத்த வரி 27 என்றால் ஏன் என்று கட்டாயம் கேளுங்கள்.

ஒற்றை எஞ்சின் விமானம் நாலைந்து இருந்தாலும், இரட்டை எஞ்சின் பல இடங்களில் ஒன்றுதான். அது 100 மணி நேரம் பறந்ததும் செய்யும் பரிசோதனைக்கோ உதிரிப்பாகத்துக்கோ நின்றுவிட்டால் எல்லோரும் நிற்க வேண்டியதுதான். மட்டக்களப்பு, கல்முனைப் பக்கமிருந்து போகிற பிள்ளைகளுக்கு இது பெரிய அடி. கொழும்புக்கு அருகே பறப்புப் பள்ளிகள் உள்ள இரத்மலானையில் அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் விமானம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் ஓடும். இடைவெளி நீண்டால் கை மறந்து, பறந்த பாடத்தையே திரும்பக் காசு கொடுத்துப் பறக்க வேண்டி வரும்.

எழுத்துப் பரீட்சை வகுப்புக்கோ, தரையில் இருந்தபடியே பறப்பதுபோல் பழகும் கருவியில் (simulator) மட்டும் செய்யும் பயிற்சிக்கோ இந்தக் கணக்கு தேவையில்லை. விமானம் புதிதாக வந்தது என்றால் பதிவேட்டில் ஒன்றும் இராது. அப்போது முழுத்தொகையையும் கட்டாமல், பறக்கப் பறக்கக் கட்டுவதாகப் பேசி எழுத்தில் வாங்குங்கள்.