ஃபிட் பரிசோதனை: மலமாதிரியைச் சரியாக எடுப்பது எப்படி?

பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் பாலிப் எனும் சிறு சதைவளர்ச்சியில்தான் தொடங்கும். அது புற்றாக மாறப் பல ஆண்டுகள் பிடிக்கும். அதற்கிடையே கண்ணுக்குத் தெரியாத அளவில் ரத்தம் கசியலாம். மலத்தில் அதைக் கண்டுபிடிப்பதுதான் ஃபிட் (FIT) பரிசோதனை. சிங்கப்பூரில் 50 வயதைத் தொட்டவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்துகொள்ளச் சொல்கிறார்கள். கசிவு தினமும் இருக்காது என்பதால்தான் மாதிரி எடுக்க இரண்டு குழாய்கள், இரண்டு வெவ்வேறு நாள்கள். 'வேலை முடிந்தது' என்று ஒரே நாளில் இரண்டையும் நிரப்பினால் இரண்டாவது குழாய் வீண்.

பத்தியம் தேவையில்லை. ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீமோகுளோபினில், மனிதருடையதை மட்டுமே இது அறியும். முந்தின நாள் சாப்பிட்ட ஆட்டுக்கறி குறுக்கே வராது. ஆனால் மாதவிடாய் நின்று மூன்று நாளாவது ஆகட்டும். மூலநோயால் ரத்தம் வடிந்தால் அதுவும் நிற்கட்டும்.

முதலில் சிறுநீர் கழித்துவிடுங்கள். கழிப்பறைத் தொட்டியில் தாளை விரித்து, மலம் தண்ணீரில் படாமல் அதன்மேல் விழச் செய்யுங்கள். தண்ணீரும் கழுவும் திரவமும் மாதிரியைக் கெடுக்கும். குழாயின் மூடியோடு இருக்கும் குச்சியை மலத்தின் மேற்பரப்பில் நாலைந்து இடங்களில் கீறுங்கள். குச்சிமுனையின் வரிப்பள்ளங்கள் நிறைந்தால் போதும். நிறைய அள்ளினால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அளவு மிஞ்சினால் முடிவுதான் பிசகும். குச்சியைச் செருகி 'கிளிக்' கேட்கும்வரை மூடி, குலுக்குங்கள். உள்ளிருக்கும் திரவத்தைக் கொட்டக் கூடாது, மூடியை மறுபடி திறக்கவும் கூடாது. பெயரையும் தேதியையும் அப்போதே எழுதுங்கள். தேதி விடுபட்ட குழாயை ஆய்வகம் ஒதுக்கிவிடலாம்.

வெயிலில் நிற்கும் காரில் குழாயை வைக்காதீர்கள். சூட்டில் ஹீமோகுளோபின் சிதைந்து, இருக்கும் ரத்தமும் இல்லையென்று வரும். அடுத்தடுத்த நாள்களில் இரண்டையும் எடுத்து உடனே அனுப்பிவிடுங்கள்.

ஒரு குழாயில் ரத்தம் தெரிந்தாலும் அடுத்தது கொலோனோஸ்கோப்பிதான், அதாவது கேமரா பொருத்திய குழாயைச் செலுத்திப் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் சோதனை. 'மூலமாக இருக்கும், இன்னொரு தடவை பார்ப்போம்' என்று ஃபிட்டையே திரும்பச் செய்வதில் பயனில்லை: அன்று கசியாவிட்டால் பாலிப் தப்பிவிடும். கொலோனோஸ்கோப்பியில் பாலிப் தென்பட்டால் பெரும்பாலும் அப்போதே நீக்கிவிடுவார்கள்.

மலத்தில் ரத்தம் கண்ணுக்கே தெரிகிறது, காரணமின்றி எடை குறைகிறது, மலம் போகும் வழக்கம் மாறி வாரக்கணக்காகிறது என்றால் ஃபிட்டுக்குக் காத்திராமல் நேரே மருத்துவரிடம் போங்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் இருந்திருந்தால் 50 வயதுவரை பொறுக்க வேண்டாம். அவருக்கு எந்த வயதில் வந்தது என்று கேட்டுக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள்.